போயிட்டு வாங்க என்றார், போய்விட்டு வந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில் பொம்மிடியிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறினேன். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, சுற்றுவட்டாரத்து லேப்களின் படியெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கே போனாலும், "அனுபவம் இருக்குதுங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய இன்டர்வியூவும் கைநழுவினால், திங்கட்கிழமை அண்ணனோடு ஓசூருக்குப் போய் செல்போன் கம்பெனியில் சேர வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. படித்த படிப்பை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

கவலைப்பட வேண்டிய நானோ, ஜன்னலோரம் உட்கார்ந்து கனவில் மிதந்தேன். வெளியே ஒரே பனி. மலையும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. புளியமரங்கள் மட்டும் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்து, வெள்ளைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன. வெள்ளை லேப் கோட்டு போட்டுக்கொண்டு நானும் அதற்குள் எங்கோ நடந்துகொண்டிருந்தேன். ஆள் இங்கே, மனசு எங்கேயோ என்று அம்மா திட்டுவது சும்மா இல்லை.

லேப்பில் எனக்கு முன்னால் உள்ளே போன பெண், முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். "சாப்ட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க. அடுத்து மைக்ராஸ்கோப் டெஸ்டாம்" என்றாள். அடுத்து நான். லேப்பை நடத்தும் மேடம் கேட்ட கேள்விகளுக்குப் பாதி சொன்னேன், பாதியை விழுங்கினேன். கடைசியில் அவர் அன்பாக, "சரிங்கம்மா, போயிட்டு வாங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் தேறிவிட்டேன்! பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். என்ன சட்னி ஊற்றினார்கள் என்றுகூட நினைவில்லை. பனி விலகி இளவெயில் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர், பழவண்டி, ஹாரன் சத்தம் எல்லாமே எனக்காகவே நடப்பது போல இருந்தது. ஆற அமர நடந்து திரும்பி வந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தேன்.

மேடம் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, எதையாச்சும் மறந்து வச்சுட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். போயிட்டு வரச் சொன்னீங்களே, போயிட்டு வந்துட்டனுங்க."

மேடம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரையும் 'போங்க' என்று சொல்ல நமக்கு வாய் வராது. அனுப்பி வைப்பதற்குத்தானே அப்படிச் சொல்வோம்! வீட்டுக்கு வந்தவர்களிடம் நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை எடுத்தேன். ஓசூர் பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

"எங்க போறீங்க? வந்தது வந்துட்டீங்க. ஒக்காருங்க, நீங்களும்தான் பாருங்களேன்" என்று மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார் மேடம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ரொம்பக் குறைவு என்று மெஷின் சொன்ன ஒருவரின் ரத்தம் அதில் இருந்தது. ஸ்லைடில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

வேலைதான் இல்லை என்று ஆகிவிட்டதே, இனி என்ன பயம்? கண்ணை வைத்தேன். ரோஸ் நிறத்தில் ஒரு உலகம். அங்கங்கே ஊதாப் பூக்கள். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி, வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓரம்வரை போய்விட்டேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது.

"இன்னும் முடியலீங்களா?"

"அழகா இருக்குதுங்க மேடம்" என்றேன், என்னை மறந்து. "தட்டணு கொறையலீங்க. எல்லாம் ஓரத்துல போயி கும்பல் கும்பலா ஒட்டிக்கிட்டு நிக்குது. மெஷினு அதையெல்லாம் எண்ணாம உட்டுருச்சாட்ட இருக்குதுங்க."

மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை. "வூட்ல சொல்லிருங்க, திங்கக்கெழமையிலருந்து வேலைக்கு வந்துருங்க" என்றார். அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டார். இன்று எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

இப்போதும் வேலை கேட்டு வருகிறவர்கள் எதையாவது உளறிவிட்டு முழிக்கும்போது எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது; ஆனால் ஒருவரைப் பார்த்துச் சிரித்த பிறகும் அவரை உட்காரச் சொல்லலாம் என்பதை மேடத்திடம் கற்றுக்கொண்டதால்தான், அவர்களுக்கு ஸ்டூலை இழுத்துப் போட என் கை தானாகவே போகிறது.