வால்வில் ஒரு சந்தனப் பொட்டு

குளோரின் டிரைஃபுளோரைடு என்ற பெயர் என் கணவரின் வாயில் நுழையாது. "உன் ராட்சசன்" என்பார். குஷாய்குடாப் பக்கம் சிப் தயாரிக்கும் ஒரு யூனிட்டில் எனக்கு வேலை. கருவிகளுக்குள் படியும் கசடை அரித்தெடுக்க அந்த வாயு வரப்போகிறது என்று சாப்பிடும்போது சொன்னேன்.

"தீப்பிடிச்சா தண்ணி ஊத்துவீங்களா?"

"தண்ணி பட்டா வெடிக்கும்."

"மணல்?"

"மணலே எரியும். வால்வை மூட முடிஞ்சா மூடிட்டு ஓடணும்."

அன்று அவர் மோருக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். பூஜை என்றாலே கிண்டலடிக்கிற மனிதர், என்னை முந்திக்கொண்டு கிளம்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயு அறைக்குள் சந்தனம், குங்குமம் எதுவும் போகக்கூடாது என்று எல்லோரிடமும் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். சிலிண்டர் இன்னும் வராததால் அறை திறந்துதான் கிடந்தது.

மறுநாள் சிலிண்டரை இணைக்குமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் வால்வு இணைப்பில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். வேலையை நிறுத்தச் சொன்னேன்.

புது நிக்கல் குழாயில் அந்த வாயுவை முதலில் சிறிதளவே விடுவோம். உலோகத்தின் மேல் மெல்லிய படலம் படியும்; பிறகு வாயுவிடமிருந்து குழாயைக் காப்பது வாயுவே உண்டாக்கிய அந்தப் படலம்தான். ஆனால் ஈரமோ எண்ணெயோ துளி இருந்தாலும் அந்த இடத்தில் பற்றிக்கொள்ளும். சந்தனம் வெளியே மட்டுமா, திருகு மரைக்குள்ளும் இறங்கியதா? தெரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி உலர வைத்தோம். வைத்த புண்ணியவானை நாள் முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வாயு விட்ட அன்று மாலை கணவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஒண்ணும் ஆகலியே?"

"ஆகல."

"ஹவ், ஆமா, ஆகாது. யாரும் பாக்காதப்ப அவனுக்கு ஒரு பொட்டு வெச்சேன். உன்னை விட்டுடுடான்னு கேட்டுக்கிட்டேன்."

கோபமா அழுகையா, எது முதலில் வந்தது என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். அன்று நாள் முழுக்கத் திட்டியது இவரையா? சொல்லாமல் விட்டால் அடுத்த வருடமும் வைப்பார். அப்போது குழாய்க்குள் ராட்சசன் இருப்பான்.

அவர் கட்டைவிரலைப் பிடித்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"குழாய்க்கு நக்கோ, வேணாம். இனிமே இங்க வைங்க."