போயா தினத்தில் பூச்சியம் காட்டிய வாலட்

இன்று வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு அங்கிள் வந்தார். டை கட்டிய அங்கிள். சித்தி தன் வளையல்களை அடகு வைத்துக் காசு கொடுத்தால், கிரிப்டோவில் போட்டுப் பொங்கலுக்குள் இரட்டிப்பாக்கித் தருவாராம்.

சித்தி வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தே விட்டார்.

"எல்லாற்ற காசும் இந்த வாலட்டிலதான் பத்திரமா இருக்கு," என்று எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான முகவரி ஒன்றை அங்கிள் காட்டினார். "பாஸ்வேர்ட் இல்லாம ஒருத்தராலயும் உள்ளுக்கப் பாக்க ஏலாது."

பாஸ்வேர்டே தேவையில்லை. முகவரியைக் கொடுத்தால் அதிலுள்ள காசின் இருப்பைச் சொல்லும் இலவச ஏபிஐ சேவை இணையத்தில் இருக்கிறது. ஐசிடி பாடத்துக்காகப் போன கிழமைதான் அதைப் பழகினேன். ஃபோனில் முகவரியைப் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது.

"அங்கிள், பூச்சியம் எண்டு காட்டுது."

அவர் வெட்கப்படவே இல்லை. "இண்டைக்குப் போயா தானே தங்கச்சி, எல்லாம் பூட்டு. நாளைக்குப் பாருங்கோ, காட்டும்."

இரவு பகலாக உலகமெங்கும் ஓடுகிற கிரிப்டோவுக்கு எங்கள் ஊர்ப் பௌர்ணமிப் போயா விடுமுறையாம். பொய் சொல்வதற்காவது கொஞ்சம் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

சித்தி அவரையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டு, "தம்பி, போயா முடிஞ்சாலும் வராதேங்கோ," என்றார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பௌர்ணமியன்று கிரிப்டோவும் வெள்ளை உடுத்துக்கொண்டு புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகுமா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.