மறுத்த மாற்றல்

தென் ஜப்பானின் மியாசாகி கடலோரத்து வால்வு ஆலையில் தரச் சோதனைப் பிரிவு ஊழியர் இவாகிரி நொபுமசா. மாலை மணி அடித்ததும் எழுந்து, மற்றவர்களுக்கு முன்னதாகக் கிளம்புவதற்கு மன்னிப்புக் கேட்டுக் குனிந்து, வீடு திரும்புவார். வெந்நீர்த் தொட்டி, மனைவி தொமியே, வறுத்த மீன். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

மார்ச் மாதத்தில் பிரிவுத் தலைவர் கொதாமா அவரைத் தனியறைக்கு அழைத்தார்.

"வடகோடி குஷிரோ கிளைக்கு மேலாளரா போறீங்க இவாகிரி. மூணு வருஷம். குடும்பம் இங்கயே இருக்கட்டும்."

"ஐயா, இப்ப இருக்கிறதே எனக்குப் போதும்."

கொதாமா கோப்பை மூடினார். "சரி, நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க."

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் ஹிதாகாவின் பெயர் இருந்தது. ஹிதாகா வயதில் இளையவன். அவன் குழந்தைக்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை. இவாகிரி தலைவரிடம் ஓடினார்.

"நானே போறேன்யா."

"இப்பவா? இனி மாத்தினா, ஹிதாகாதான் அழுது தப்பிச்சுக்கிட்டான்னு பேசுவாங்க. அவன் பேரைக் கெடுக்காதீங்க."

வழியனுப்பு விருந்தில் ஒரே கும்மாளம்.

"அங்க மூக்குலயே பனி உறையுமாம், தாடி வளத்துக்கோடா!"

"மேலாளர்கிட்ட மரியாதையா பேசுடா!" என்று சிரித்த ஹிதாகா, இவாகிரியின் முன் மண்டியிட்டு, இரு கைகளாலும் பீர் ஊற்றினான். குரல் தணிந்தது.

"உங்களத் தாண்டி என்னை ஏன் எடுத்தாங்கன்னு தெரியலண்ணே. மன்னிச்சிடுங்க. மனசுல ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. உனக்குத்தான் தகுதி."

"என் வீட்டுக்காரி மியோ கைக்குழந்தையோட தனியா இருப்பா. அப்பப்ப ஒரு எட்டு பாத்துக்குங்கண்ணே. வேற யார்கிட்டயும் கேக்க மனசு வரல."

வீட்டில் தொமியே சொன்னாள்: "உண்மையச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா என் பாரம் எறங்கிடும். தன்னைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு நம்பித்தானே அவன் அந்தக் குளிருக்குப் போறான்? அதையும் பிடுங்கவா?"

அதன்பின் ஞாயிறுதோறும் ஹிதாகா வீட்டின் கூரைநீர்க் குழாயைத் துப்புரவாக்கினார்; புயல் எச்சரிக்கை வந்தால் சன்னல்களுக்குப் பலகை அடித்தார். மியோ ஒவ்வொரு முறையும் தலை தாழ்த்தி நன்றி சொன்னாள். மீன்பிடிக்க வா என்று அழைத்தவர்களிடம், வேலையிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் குழந்தை அவருடைய விரலைப் பற்றிக்கொண்டு முதன்முதலாக எழுந்து நின்றது.

"அப்படியே இருங்கண்ணா! அவருக்குப் படம் அனுப்பணும்" என்று மியோ கைப்பேசியுடன் ஓடி வந்தாள்.

இவாகிரி விரலை அசைக்கவில்லை. தம் முகம் மட்டும் படத்தில் விழாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.