மாமா கேட்டு வாங்கிச் சாப்பிட்ட விருந்து

அக்காவைக் கட்டிக்கொண்டு போன மாமாமீது எனக்கு ஆரம்பத்திலிருந்தே கோபம்தான். ஒரே பாயில் என்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கியவளை அவர் வெள்ளகோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. புதுமாப்பிள்ளையை அம்மா எங்கள் ஊர் துடியலூருக்கு விருந்துக்கு அழைக்கும்போது அக்காவும் கூட வருவாள் என்பதுதான் ஒரே ஆறுதல்.

அம்மாவின் விருந்து லேசுப்பட்டதல்ல. ராத்திரி இலையில் இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும், போளி போல இனிக்கும் ஒப்புட்டும், அதற்குமேல் சோறும் கோழிக் குழம்பும். போதும் என்று மாமா இலையை மறைத்தால் அந்தக் கைமேலேயே போட்டுவிடுவாள். அப்படிச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. பேச்சு வந்தது, கால்கள்தான் அசையவில்லை. அம்மா பதறிப்போய்க் குளுக்கோஸைக் கரைத்துக்கொண்டு ஓடினாள்.

"குடிங்க மாப்பிள்ளை, தெம்பு வரும்."

குடிக்கக் குடிக்கக் கையும் தொய்ந்தது. சாயங்காலம் தானாகவே சரியாகி எழுந்து நடந்தார்.

அடுத்த விருந்திலும் அப்படியே ஆனது. அவருடைய ஊரில் ஒருநாளும் ஆனதில்லை. மாமாவின் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஏனுங்க சம்மந்தி, எம்பையன மயக்கிப் போடறதுக்குச் சோத்துல என்ன மருந்துங்க வெச்சீங்க?" இவ்வளவு மரியாதையாக ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களால்தான் முடியும். உண்மை தெரிகிறவரை பெண் இங்கேயே இருக்கட்டும் என்று அக்காவையும் பெட்டியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அடுப்படிக்குள் போனாலே அழுதாள். எனக்கோ கொண்டாட்டம். அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். ராத்திரி நான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்ல, அவள் 'ம்' கொட்டுவாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் அந்த 'ம்' நின்றுபோகும். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா மாமாவைக் கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினார். நன்றாக நடந்துபோன மனிதரின் ரத்தத்தில் குறையொன்றும் தெரியவில்லை. கால் விழுந்திருக்கும்போதே ரத்தம் எடுத்தால்தான் ஏதாவது பிடிபடும் என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து, வீட்டில் சொல்லாமல் மாமா பஸ் ஏறி வந்தார். "ஏனுங்க அத்தை, அன்னிக்கு ஆக்குனதை ஒண்ணு விடாம இன்னிக்கும் ஆக்குங்க. நான் வுழுந்தாத்தானுங்க உங்க மேல இருக்கற பழி போகும்."

அம்மா முடியவே முடியாது என்றாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். மாமா விடவில்லை. கடைசியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தகை பிழிந்தாள். மாமா தலையைத் தூக்காமல், கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வைத்திருந்த ஒப்புட்டும் அவர் இலைக்கே போனது. இப்படியும் ஒரு தீனிப்பண்டாரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

விடிந்தபோது கால்கள் விழுந்திருந்தன. சொல்லிவைத்திருந்த காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்போது எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு மிகவும் குறைந்திருந்தது. சிலருக்கு உடம்பின் அமைப்பே அப்படியாம். வயிறு முட்டச் சோறும் இனிப்பும் சாப்பிட்டுப் படுத்தால் ரத்தத்திலிருக்கும் அந்த உப்பு தசைக்குள் போய்ப் புகுந்துகொள்ளும், தசை ஓய்ந்துவிடும். அம்மா அன்பாகக் கரைத்துக் கொடுத்த குளுக்கோஸ் அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. பொட்டாசிய மருந்தைக் குடிக்கக் கொடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் திரும்பியது. வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டார் என்று தெரிந்து, நெஞ்சு நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் மாமாவை வைது தீர்த்தார்.

மாமாவின் அம்மா வந்து டாக்டர் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும், "கெளம்பு அம்மணி, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறும்போது மாமாவின் கால்களையே பார்த்துக்கொண்டு ஏறினாள். நான் கையாட்டியதை அவள் கவனிக்கவில்லை. பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ரோட்டோரம் நின்று அழுதேன். அவள் எங்களோடு இருந்த அத்தனை நாளும் அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.