பழைய உறைக்குள் புதிய தூள்

அக்காவும் தங்கையும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். பொழுதுக்கும் நின்றால் கால் கெஞ்சும். அதற்கு அக்கா கண்டுபிடித்த மருந்து, பெட்ரோல் பங்க் கடையில் மிட்டாய்க்குப் பக்கத்தில் பகிரங்கமாகத் தொங்கிய ஒரு தூள். உள்ளே இருப்பது போதைத் தூள்தான் என்றாலும், உறையில் ‘குளியல் உப்பு, உண்பதற்கல்ல’ என்று அச்சடித்திருக்கும்.

“சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கேக்கா?”

“அது சட்டத்துக்காகப் போட்டதுடி. கெடுதல்னா கடையில விப்பாங்களா?”

அப்படிச் சொன்ன வாயை ஊசி நூல் கொண்டு தைத்திருக்கலாம் என்று இன்றைக்கு அவளே நினைக்கிறாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கை பறந்தது, வாய் ஓயவில்லை. சிடுமூஞ்சி மேற்பார்வையாளரையே இருவரும் சிரிக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தால்தான் தாடை இறுகும், தூக்கம் வராது, சோறு இறங்காது. மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி கிடக்கும். அதற்கும் அதே தூள்தான்.

பிறகு அந்தத் தூளுக்கு அரசுத் தடை வந்தது. ஒரே வாரத்தில் கடைக் கொக்கிகள் காலியாயின. “விட்டது சனியன்” என்றாள் தங்கை. அக்காவை விடவில்லை. சலவை வண்டி ஓட்டுநர் பெயரில்லாத பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, “அதே சரக்குதாம்மா” என்றார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

தான் மட்டும் வேகம் பிடித்து என்ன பயன்? மறுமுனையில் தங்கை அசந்து நின்றாள். பொட்டலத்தைக் கண்டால் பயப்படுவாள் என்று, அக்கா தூளைப் பழைய உறைக்குள் கொட்டி நீட்டினாள். “மிச்சமிருந்ததுடி.”

“இதோட சரி” என்று, உறையை நம்பி வாங்கிக்கொண்டாள் தங்கை.

அரை மணி நேரத்தில் தங்கைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. விரிப்புகளுக்குள் யாரோ ஒளிந்திருப்பதாகக் கத்தினாள். கூடப்பிறந்தவளையே அடித்துத் தள்ளினாள். “என்ன சாப்பிட்டாங்க?” என்று மருத்துவர் கேட்டபோது, போலீசுக்குப் பயந்து அக்கா அந்த உறையைத்தான் நீட்டினாள். உள்ளே இருந்தது வேறு என்று சொல்ல அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாவி, அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தங்கை பிழைத்தாள். அக்கா தூளை அன்றோடு விட்டாள். வீடு திரும்பிய அன்று தங்கை தாகம் என்றதும், அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முன்னாலேயே ஒரு வாய் குடித்துக் காட்டினாள்.

“வெறும் தண்ணிதான்டி.”

“தெரியும்க்கா” என்று தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள். “நானே எடுத்துக்கிறேன்.”