இரட்டைக் கருப் புதன்

அத்தையின் துக்கத்துக்கு வந்திருக்கும் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: புதுச்சத்திரம் எங்கள் கோழிப்பண்ணையில் இந்த வாரம் முழுக்க இரட்டைக் கரு முட்டை எதையும் யாரும் தனியே எடுத்து வைக்கவில்லை. எல்லாம் மற்ற முட்டைகளோடு லாரி ஏறிவிட்டன. எடுத்து வைப்பவர் பாவாயி அத்தை. போன செவ்வாய்க்கிழமை அப்பா பள்ளிக்கே வந்து, "அத்தை போயிருச்சு, வாடா" என்றார். வழக்கமாக ஊரை ஏமாற்றுகிறவன் நான். அன்று அப்பா என்னை ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன்.

முட்டை பொறுக்கும்போது அத்தைக்குப் பக்கத்தில் பேச்சுக்குரல் வேண்டும். போன வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகக் கோள்கள் பற்றிய என் பேச்சை அங்கே நடந்தபடியே உருப்போட்டேன்.

"செவ்வாய் ஏஞ்சாமி செவப்பு?"

"மண்ணுல இரும்பு அத்தை. துருப்பிடிச்சிருச்சு."

"நம்ம பழைய லாரியாட்டமா? அங்கயும் பெயின்ட் அடிக்க ஆளில்ல போல."

தலைமையாசிரியர் என்னைச் சேர்க்கவே யோசித்தார். முந்தைய கண்காட்சியில் என் எரிமலை, விருந்தினர் வேட்டியில் சோப்பு நுரையைக் கக்கியிருந்தது. "இந்தத் தடவையும் கூத்தடிச்சா, இனிமே கண்காட்சியே கிடையாது" என்றார். அத்தை நேரில் வந்து, "பையன் சேட்டைக்காரந்தானுங்க. முட்டைக்கு நானாச்சுங்க" என்று பொறுப்பேற்றார்.

என் திட்டம் எளிது. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டினால் அது ஒரு கோள்; மஞ்சள் கரு அதன் நடுவிலுள்ள இரும்பு. பூமிக்குச் சாதாரண முட்டை போதும். புதன் சின்னக் கோள், உள்ளே பெரும்பகுதி இரும்பு. அதற்குப் பெரிய கரு வேண்டும்.

"பெருசுன்னா ரெட்டைக் கருதான் சாமி."

"அவிச்சா ரெண்டும் ஒண்ணாயிரும் அத்தை. எனக்குத் தெரியாதா?"

முட்டை கொண்டுவந்த அத்தை பக்கத்தில் நிற்க, நடுவர் முன்னால் வெட்டினேன். இரண்டு கரு, நடுவில் வெள்ளைச் சுவர்.

"ஏப்பா, புதனுக்கு ரெண்டு வயிறா? இதுவும் கூத்தா?" என்றார் நடுவர். தலைமையாசிரியர் முகம் செவ்வாயானது. நான் அசரவில்லை. "இது இன்னும் உருகாத புதனுங்க சார். பொறந்தப்ப கோளெல்லாம் கொதிச்சு உருகுச்சுங்க. இரும்பு கனமில்லீங்களா, உள்ள எறங்கி ஒண்ணாச் சேந்துக்குமுங்க." நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாம் பரிசு!

இந்தக் கதையை எத்தனை விசேஷ வீடுகளில் என்னிடம் கேட்டிருப்பீர்கள்! ஒவ்வொரு முறையும் அத்தைதான், புதிதாகக் கேட்பவர் போல, "சார் அப்பிடிக் கேட்டதும் நீ என்ன சாமி சொன்ன?" என்று எடுத்துக்கொடுப்பார். நானும் சொல்வேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதில்தான். ஆமாம், சொன்னவர் அத்தை. உருப்போட்டவனுக்கு ஒரு வரி வரவில்லை. முட்டை பொறுக்கியபடி கேட்டிருந்தவருக்கு வந்தது. நான் அப்போது மேசைக்கு அடியில், கீழே விழாத கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.