மாமாவின் கிழிந்த ஸ்பீக்கர்

மாமாவின் கிட்டார் சத்தத்தை யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டுமென்றால் நான் திணறிப்போவேன். எலக்ட்ரிக் கிட்டார்தான், ராக் இசைதான். ஆனால் அந்தச் சத்தம் கம்பியிலிருந்து வருவதுபோலவே இருக்காது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒருவர், தொண்டை கட்டியிருந்தும், பாடாமல் இருக்க முடியாமல் பாடுவதுபோல இருக்கும். ஓரத்தில் எப்போதும் ஒரு பிசிறு. நீட்டிப் பிடித்த சுரம் அடங்கப்போகிற இடத்தில் அந்தப் பிசிறு கொஞ்சம் கூடும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோலச் சிடுசிடுத்துவிட்டு அணையும். அது அணைகிற இடத்துக்காகவே நான் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பேன். ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அதற்கு மேல் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனவர். அப்படிப் போனவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். ராணுவ வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல், பல வருஷம் அங்கேயே ராக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு குழு போட்ட இசைத்தட்டு எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அட்டையில் நான்கு பேர். மூன்று பேர் நீள முடியோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். நாலாவதாக, ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்போல முறைத்துக்கொண்டு மாமா. அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் கருவி கிடையாது. அதிலிருந்த பாட்டுகளை மாமா ஒரு கேசட்டில் பதிந்து எடுத்துவந்திருந்தார். மூன்றாவது பாட்டில் முதல் இரண்டு நிமிஷம் மாமா வரவே மாட்டார். மற்றவர்கள் ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். பிறகு, எல்லாரும் மூச்சு வாங்குகிற ஒரு சின்ன இடைவெளியில், ஒரே ஒரு சுரத்தோடு மாமா நுழைவார். அதற்குப் பிறகு மற்ற மூன்று பேரும் இருக்கிறார்களா என்றே தெரியாது. நிறையத் தெரிந்த ஒருவர் குறைவாக வாசிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் புரிந்துகொள்ள நாற்பது வயதாயிற்று. ஆனால் உடம்பு சிலிர்த்தது அன்றைக்கே.

ஊர் திரும்பியபோது மாமா கிட்டாரை மட்டும்தான் கொண்டுவந்தார். ஆம்பிளிபயரை இங்கேயே செய்துகொண்டார். சண்டே மார்க்கெட்டில் ஒரு பெரிய மரப்பெட்டி வால்வு ரேடியோ வாங்கி, அதன் வயிற்றைத் திறந்து என்னென்னவோ மாற்றி, அதிலேயே கிட்டாரைச் சொருகினார். பின்பக்கத்துப் பலகை அதற்கு இல்லை. "பலகை போட்டா சத்தம் உள்ளயே கெடந்து புழுங்கும்" என்பார். அதனால் ரேடியோவின் முதுகு எப்போதும் திறந்தே, சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

"இருவது வருஷம் பிரான்சுல இருந்துட்டு வந்து, எங்கண்ணன் சம்பாதிச்சது இந்த ஓட்டை ரேடியோதான்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் மாலையில் மாமா வாசிக்கத் தொடங்கினால் குக்கர் விசில் தொந்தரவு செய்யக்கூடாது என்று அடுப்பை அணைத்துவைப்பாள்.

வாசிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே மாமா அந்த ரேடியோவைப் போட்டுவிடுவார். வால்வுகள் சூடேற வேண்டும். அதுவரை கிட்டாரைத் தொடமாட்டார். குளிப்பார், சவரம் செய்வார், வெள்ளைச் சட்டை மாட்டுவார். யாரும் பார்க்காத மாடி அறையில் வாசிக்கவும் அந்தச் சட்டை வேண்டும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் பிரான்சிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது. பழைய குழுவினர் மறுபடியும் ஒரு இசைத்தட்டு போடுகிறார்களாம். ஒரு பாட்டில் மாமாவின் கிட்டார் இல்லாமல் முடியாதாம். இங்கிருந்தே வாசித்துப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மாமா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அரியாங்குப்பத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த ஒரு அண்ணனிடம் நல்ல ஸ்பூல் டேப் கருவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்து பதிந்து கொடுப்பதாகவும், மறுநாள் விமானம் ஏறுகிற உறவினர் ஒருவர் டேப்பைக் கையோடு கொண்டுபோவதாகவும் ஏற்பாடு. அன்று மதியம் அந்த அண்ணனுக்குக் கல்யாண வீட்டு வேலை இருந்தது. ஆக, மாமாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை.

சனிக்கிழமை அறையைப் பார்க்க வந்த டேப் அண்ணன், ரேடியோவின் முன்பக்கத் துணியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மாமாவை அவர் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் அழைப்பார்.

"முசே, ஸ்பீக்கர் மூணு எடத்துல கிழிஞ்சிருக்கு. இதுல வாசிச்சு சீமைக்கு அனுப்புனா நம்ம ஊரு மானம் போயிடும்."

"கிழிசல்தான்யா நம்ம சொத்து" என்று மாமா சிரித்தார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். மாற்ற வசதியில்லாத எதைப் பற்றியும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பார்கள். ஓட்டைக் குடையைப் பற்றி அப்பா சொல்வார். ஒட்டுப்போட்ட புடவையைப் பற்றி அம்மா சொல்வாள். மாமாவும் அப்படித்தான் சமாளிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய வித்வான், கிழிந்த ஸ்பீக்கரோடு பிரான்சுக்கு முன்னால் போய் நிற்கப்போகிறார். அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஜூன் மாதம் என்றேன் அல்லவா, பள்ளி திறந்து புத்தகங்களுக்கு அட்டை போடுகிற காலம். எவர்சில்வர் கிண்ணத்தில் அம்மா காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசை மிச்சம் இருந்தது. பழுப்புத் தாளும் இரண்டு துண்டு இருந்தது. ஞாயிறு காலை மாமா ரேடியோவைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் பசைக் கிண்ணத்தோடும் ஒரு ஸ்பூனோடும் மாடிக்குப் போனேன்.

சுவருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் நான் மட்டும் நுழையக்கூடிய இடைவெளி. உள்ளே வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன, சின்னச் சின்ன அகல்விளக்குகள்போல. அந்த வெளிச்சமே வேலைக்குப் போதுமாக இருந்தது. ஸ்பீக்கர் கீழே இருந்தது. எட்டவில்லை. மேலே இருந்த இரும்புத் தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, ஸ்பூனால் பசை தடவி, கிழிசல்மேல் தாளை ஒட்டினேன். தாள் இரண்டு கிழிசலுக்குத்தான் வந்தது. மூன்றாவதுக்கு, அறிவியல் நோட்டுக்காக எழுதி வைத்திருந்த லேபிளை எடுத்துவந்து ஒட்டினேன். சுருக்கமே இல்லாமல் வந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ நான் எதையும் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியதில்லை.

டேப் அண்ணன் வந்து மைக்கை நிறுத்தினார். மாமா வெள்ளைச் சட்டையில் வந்து கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியை மீட்டினார். நின்றுவிட்டார். மறுபடி மீட்டினார். எனக்குமே ஏதோ போலிருந்தது. சத்தம் வந்தது, சுத்தமாக வந்தது. தலை வாரிப் பொட்டு வைத்து உட்காரவைத்த பிள்ளைபோல இருந்தது. காய்ச்சல்காரரைக் காணவில்லை.

மாமா குமிழ்களைத் திருகிப் பார்த்தார். டேப் அண்ணன் ரேடியோவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"முசே, திருடன் அட்ரஸோட மாட்டிக்கினான். பேரு போட்டிருக்கு, அஞ்சாம் வகுப்பு, ஆ பிரிவு, பாடம் அறிவியல்!"

மாமாவும் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ பாப்பா, பிளேடு போட்டு நானே கிழிச்சதுடி அது! அதுலதான் அந்தச் சத்தமே இருக்கு. நீ ஒட்டிட்டியே!"

அப்படியா என்று எனக்கு அழுகை முட்டியது.

"அழாத. பிச்சிட்டா போச்சு. நேத்தே ஒட்டிட்டியா?"

"இல்ல மாமா. இப்பதான். நீங்க குளிக்கப் போனப்ப."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது எரிஞ்சிக்கிட்டு இருந்தப்பவா?"

"ஆமா மாமா. நல்லா வெளிச்சமா இருந்துச்சு."

"எதால தடவுன?"

"ஸ்பூனால."

"இன்னொரு கை எங்க இருந்துச்சு?"

நான் இரும்புத் தகட்டைக் காட்டினேன்.

"செருப்பு போட்டிருந்தியா?"

"வூட்டுக்குள்ள எதுக்கு மாமா செருப்பு?"

இதென்ன விசாரணை என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் தலைமையாசிரியர் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்பார். தண்டனைக்குக் கணக்குச் சேர்கிறது என்று நினைத்தேன். டேப் அண்ணனும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். மாமா போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார், அந்த வெள்ளைச் சட்டையோடு. என் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். பசை காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார்.

அம்மா காபியோடு வந்தாள். "என்னண்ணே, ஆரம்பிக்கலியா?"

"உம் பொண்ணு ஸ்பீக்கரை ஒட்டிட்டா" என்றார் மாமா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா தம்ளரை வைத்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். "சனியனே, அவரே இந்த ஒரு நாளுக்காகக் காத்துக் கெடந்தாரு..."

"அடிக்காத!" என்று மாமா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

டேப் அண்ணன்தான் தாள்களைப் பிய்த்தார். பசை சரியாகக் காயாததால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. லேபிளும் வந்தது. பிளக்கைச் சொருகி, மறுபடி சூடேற்றி, மாமா கம்பியைத் தொட்டார். பழைய பிசிறு அப்படியே திரும்பியிருந்தது. "கெடைச்சிடுச்சு முசே, அடிங்க!" என்றார் டேப் அண்ணன். ஸ்பூல் சுற்றியது. மாமா நாலு சுரம் வாசித்து நிறுத்தினார். இரண்டாவது தடவையும் பாதியில் நின்றது. மூன்றாவது தடவை சுரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் விரல் வழுக்கிக் கம்பி கிறீச்சிட்டது. கிட்டாரைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார்.

"இன்னிக்குக் கை வராதுய்யா. நீ கெளம்பு."

"முசே, நாளைக்கு ஆளு போறாரு..."

"போவட்டும்."

அந்தப் பாட்டில் வேறு யாரோ வாசித்தார்கள். பின்னாளில் அந்த இசைத்தட்டும் வீட்டுக்கு வந்தது. டேப் அண்ணன் கடையில் போட்டுக் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது. மாமா நுழைய வேண்டிய இடத்தில் மிகத் திறமையான ஒருவர் நிறைய வாசித்திருந்தார்.

மறுநாள் மாமா தச்சுப்பட்டறையிலிருந்து ஒரு பலகை வாங்கிவந்தார். காற்றுப் போக வரிசையாகத் துளை போட்டு, ரேடியோவின் முதுகில் வைத்து, எட்டு ஸ்க்ரூ முறுக்கினார். அன்று மாலையே சத்தம் மாறிவிட்டது. பிசிறு இருந்தது, ஆனால் பக்கத்து அறையில் இருந்தது. காய்ச்சல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். மாமா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பலகையைக் கழற்றவில்லை. அதன் பிறகு அவர் பதிந்த மூன்று கேசட்டுகளும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள், வயதாக ஆக மாமாவின் கிட்டாருக்கு ஆழம் கூடிவிட்டது என்று சொல்வார்கள். சொன்னவர்களை நான் மறுத்ததில்லை. ஆழம் இருக்கத்தான் செய்கிறது. இருக்கிற சத்தத்தில் எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும் வாசிக்க அவருக்குத் தெரியும். அந்தக் கடைசி கேசட்டை இப்போதும் நான் நின்றுகொண்டுதான் கேட்பேன்.

மாமா போய்ச் சில வருஷம் ஆகிறது. ரேடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகன் கிட்டார் பழகுகிறான். போன மாதம் அதைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தான். எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி உள்ளே டார்ச் அடித்தவர், என் மகனைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். "அக்கா, இது வேலை செய்யும்போது உள்ள ஒரு கை இந்தத் தகட்டுல, ஒரு கை அந்த ஒயர்ல பட்டா அவ்வளவுதான். கத்தக்கூட நேரம் இருக்காது" என்றார். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். என் மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவனுடைய கையை விடவே எனக்கு மனமில்லை.

அந்த ஜூன் மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மாமா என்னை நம்பவில்லை, அவருடைய சத்தத்தை நான் மறுபடி கெடுத்துவிடுவேன் என்று பயந்து பூட்டிவைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அவருடைய பாட்டு போனது என் பசையால்தான் என்றும் நினைத்தேன். பசையை ஐந்து நிமிஷத்தில் பிய்த்துவிட்டார்களே என்று யோசிக்கவே இல்லை. தப்புச் செய்தவளுக்கே கோபமும் வந்தது. ஒரு மாதம் மாமாவோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அவர் ஒதுங்கி வழி விடுவார். ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, கைகளைத்தான். இன்னும் பசை இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, அவற்றைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.